அரைஞாண் கயிறு இறுகினால் ஆபத்து!

ஆள் ஒல்லி. கை மெலிவு, கால் மெலிவு. வயிறு மட்டும் குடம் போல முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவரைக் கண்டால், "அவருக்கு என்ன குறை? நாலு காசு சேர்ந்தது, தொப்பையும் சேர்ந்தது!" என்று ஊரார் சொல்வார்கள்.

டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. "இவருடைய ரத்தத்தை முதலில் சோதிக்க வேண்டும்" என்கிறார்கள்.

ஏன்?

உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தொடையில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு பொல்லாதது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ரத்தத்தில் கொழுப்பையும் ஏற்றும். வலி தராது. காய்ச்சல் தராது. பல ஆண்டுகள் சத்தம் போடாமல் வேலை செய்யும்.

பள்ளிகொண்டாவில் என்ன மாறியது?

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிகொண்டா. உத்தர ரங்கநாதர் பள்ளி கொண்ட தலம். அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர்.

கடவுள் படுத்திருக்கிறார். ஆனால் இந்தப் பக்கத்து மக்கள் படுத்திருந்தவர்கள் அல்ல. ஏர் பின்னால் நடந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். சந்தைக்கு மூட்டை சுமந்தார்கள். தோல் பதனிடும் இடங்களில் நனைந்த தோலைத் தூக்கினார்கள்.

இன்று? வயலுக்கு டிராக்டர் வந்துவிட்டது. கிணற்றுக்கு மோட்டார் வந்துவிட்டது. கடைக்குப் போக மோட்டார் சைக்கிள். காலையில் வேனில் ஏறி, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களில் பலருக்கு நாள் முழுதும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வேலை. பீடி சுற்றுபவர்களுக்கும் உட்கார்ந்து வேலை. கல்லாவில் இருப்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும் உட்கார்ந்து வேலை.

வேலை மாறியது. சோற்றின் அளவு மாறவில்லை! ஏர் பிடித்த தாத்தா சாப்பிட்ட அதே அளவு சோற்றை, மெஷின் முன்னால் உட்காரும் பேரனும் சாப்பிடுகிறார். அதோடு வேளைக்கு வேளை டீ, வடை, பிஸ்கட்.

இதன் பலன் என்ன? வேலூர் டாக்டர்கள் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

வேலூர் சொல்லும் கணக்கு

1900-ம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. நோயாளியைத் தேடிக் கிராமத்துக்குப் போவது இந்தக் கல்லூரியின் பழக்கம்.

1991 முதல் 1994 வரை, வேலூர் நகரத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும் 30 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்தார்கள். எத்தனை பேருக்குச் சர்க்கரை வியாதி, எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று எழுதி வைத்தார்கள். 2010-க்குப் பிறகு மறுபடியும் போய்ச் சோதித்தார்கள்.

நகரத்தில் சர்க்கரை வியாதி ஏறக்குறைய இரண்டு மடங்காகி இருந்தது. கிராமத்தில் எத்தனை மடங்கு தெரியுமா? ஏறக்குறைய மூன்று மடங்கு! உடல் எடை கூடியவர்களின் எண்ணிக்கையும் அதே போல ஏறியிருந்தது.

"சர்க்கரை வியாதி பட்டணத்துப் பணக்காரர் வியாதி" என்ற பேச்சு அன்றோடு பொய்த்துப் போனது.

வேலூரில் இன்னொரு அருமையான கணக்கும் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை டாக்டர்கள் எடை போட்டார்கள். உயரம் அளந்தார்கள். எல்லாவற்றையும் பத்திரமாக எழுதி வைத்தார்கள். குழந்தைகள் வளர்ந்த பிறகும் விடவில்லை. அவர்களில் 2,218 பேரை, 26 முதல் 32 வயதான காலத்தில் மறுபடி தேடிப் பிடித்து, ரத்தத்தைச் சோதித்தார்கள்.

62 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்திருந்தது. மேலும் 362 பேர், அந்த வியாதியின் வாசற்படியில் நின்றார்கள். 100 பேருக்கு 16 பேர்! இவர்கள் கிழவர்கள் அல்ல. முப்பது வயது வாலிபர்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்? சிறு வயதில் மெலிந்திருந்து, பிறகு வேகமாக எடை கூடியவர்களுக்கு! நோஞ்சானாக வளர்ந்த உடம்பில் பிற்காலத்தில் சேரும் கொழுப்பு, அதிகத் தொல்லை தருகிறது.

தோல் தொழிலாளிக்குத் தெரியும். கசாப்புக் கடைக்காரருக்கும் தெரியும்!

கொழுப்பில் இரண்டு வகை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை.

ஆட்டுத் தோலைப் பதனிடுபவர், முதலில் தோலின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் சீவி எடுப்பார். இது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. நம் உடம்பிலும் இது உண்டு. இடுப்பில், தொடையில், கையில் கிள்ளினால் விரலுக்குள் சிக்குவது இதுதான்.

கசாப்புக் கடையில் ஆட்டின் வயிற்றைத் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள். குடலை மூடிக்கொண்டு, வலை விரித்தாற்போல வெள்ளைக் கொழுப்பு இருக்கும். இது வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு. மனிதனுக்கும் குடலைச் சுற்றி இப்படியே இருக்கிறது. இதைக் கிள்ளிப் பார்க்க முடியாது. வயிற்றுச் சதைக்கு உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதல் கொழுப்பு, வீட்டுக் குதிரில் கொட்டி வைத்த நெல் போல. பஞ்ச காலத்துக்கு உதவும். குதிர் நிறைந்துவிட்டால் என்ன செய்வோம்? திண்ணையில் கொட்டுவோம். கூடத்தில் கொட்டுவோம். அப்புறம் நடக்க வழி இருக்காது. உடம்பும் அப்படித்தான். தோலுக்கு அடியில் இடம் போதாதபோது, கொழுப்பு வயிற்றுக்குள் சேருகிறது. ஈரலில் படிகிறது. அங்கேதான் வினை ஆரம்பம்!

பிரெஞ்சு டாக்டர் கண்டது

இந்த உண்மையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு பிரெஞ்சு டாக்டர். பெயர் ழான் வாக். மார்சேல்ஸ் துறைமுக நகரத்தைச் சேர்ந்தவர்.

பருமனானவர்கள் எல்லோருக்கும் சர்க்கரை வியாதி வருவதில்லை. சிலருக்குத்தான் வருகிறது. அவர்கள் யார் என்று வாக் கவனித்தார். கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தவர்கள் தப்பித்தார்கள். வயிற்றிலும் உடம்பின் மேல் பாதியிலும் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். முதல் வகை பெண்களிடம் அதிகம். இரண்டாவது வகை ஆண்களிடம் அதிகம். 1947-ம் ஆண்டில் இதை அவர் எழுதினார்.

அப்போது பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்துச் சொன்னது தானே? வயிற்றுக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று உயிரோடு இருப்பவரிடம் அளக்க அந்தக் காலத்தில் கருவி இல்லை.

ஜப்பானில் கிடைத்த சாட்சி

கருவி பின்னால் வந்தது. அதுதான் சி.டி. ஸ்கேன். உடம்பைக் கத்தியால் அறுக்காமலே, குறுக்காக வெட்டியதைப் போலப் படம் பிடித்துக் காட்டும் எக்ஸ்ரே கருவி.

ஜப்பானில் ஒசாகா நகரத்து டாக்டர்களான புஜியோக்கா, மட்சுசாவா முதலியவர்கள் இந்தக் கருவியைக் கொண்டு பருமனானவர்கள் 46 பேரின் வயிற்றைப் படம் பிடித்தார்கள். தோலுக்கு அடியில் எவ்வளவு கொழுப்பு, வயிற்றுக்குள் எவ்வளவு கொழுப்பு என்று தனித்தனியாக அளந்தார்கள். அவர்களுடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். 1987-ல் முடிவை வெளியிட்டார்கள்.

எல்லோரும் பருமன்தான். ஆனால் ரத்தம் ஒன்று போல இல்லை! தோலுக்கு அடியில் இருப்பதோடு ஒப்பிட்டால் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகமாக இருந்தவர்களுக்கு, சர்க்கரை கூடியிருந்தது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் கூடியிருந்தது. கொலஸ்டிராலும் கூடியிருந்தது.

பிரெஞ்சு டாக்டர் கண்ணால் கண்டதற்கு, ஜப்பானில் சாட்சி கிடைத்துவிட்டது.

ஜப்பானில் சுமோ என்ற மல்யுத்தம் உண்டு. மல்லர்கள் யானை போல இருப்பார்கள். 150 கிலோ எடை அங்கே சாதாரணம். அவர்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும் அல்லவா? மட்சுசாவாவின் கூட்டத்தார் இளம் மல்லர்களைச் சோதித்தபோது வியப்பு காத்திருந்தது. கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே இருந்தது. வயிற்றுக்குள் கொஞ்சம்தான். சர்க்கரையும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. காரணம், அவர்கள் தினமும் செய்யும் கடுமையான உடற்பயிற்சி!

அறுவை சிகிச்சை தோற்றது

"அப்படியானால் தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் தீர்ந்தது!" என்று சிலர் நினைக்கலாம்.

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் டாக்டர் சாமுவேல் கிளைன் என்பவரும் கூட்டாளிகளும் பருமனான பெண்கள் 15 பேருக்கு, வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் சுமார் 10 கிலோ! எடை குறைந்தது. இடுப்பு சிறுத்தது.

சில வாரங்கள் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை விஷயத்தில் மாற்றம் இல்லை. கொழுப்பிலும் மாற்றம் இல்லை. 2004-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

காரணம் என்ன? குழாய் எடுத்தது தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பை. பொல்லாத கொழுப்பு உள்ளே பத்திரமாக இருந்தது!

ஈரலுக்குள் நடப்பது என்ன?

வயிற்றுக் கொழுப்புக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்?

குடலிலிருந்து புறப்படும் ரத்தம் நேராக ஈரலுக்குப் போகிறது. அதற்கென்று தனிக் குழாய் இருக்கிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பும் அதே குழாயில்தான் தன் சரக்கை இறக்குகிறது. இந்தக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. கரைந்து கரைந்து ஈரலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களையும் ரத்தத்தில் கலக்கிறது.

ஈரல்தான் உடம்பின் சமையற்கட்டு. சரக்கு அறையும் அதுதான். சாப்பிடாத நேரத்தில், ஈரல் சர்க்கரையை அளந்து ரத்தத்தில் விடும். சாப்பிட்டதும், கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கும். "போதும், நிறுத்து!" என்று இன்சுலின் ஈரலுக்கு உத்தரவு போடும். சதைகளைப் பார்த்து, "சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்" என்று சொல்லும்.

ஈரலில் கொழுப்பு படிந்துவிட்டால், அது இந்த உத்தரவைச் சரியாகக் கேட்பதில்லை. சாப்பிட்ட பிறகும் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. சதைகளும் சர்க்கரையை வாங்க மறுக்கின்றன. கணையம் பார்க்கிறது. இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. வேலைக்காரன் கேட்காவிட்டால் எஜமான் குரலை உயர்த்துவது போல!

பல ஆண்டுகள் இப்படியே ஓடும். அதுவரை சோதனையில் சர்க்கரை சரியாகவே தெரியலாம். ஒரு நாள் கணையம் களைத்துவிடும். அப்போது சர்க்கரை ஏறுகிறது. "திடீரென்று வந்துவிட்டது" என்கிறோம். திடீரென்று வரவில்லை. பத்து வருஷமாக வந்துகொண்டிருந்தது!

ரத்தக் கொழுப்பு ஏறும் கதையும் இதே ஈரலில்தான் நடக்கிறது. வந்து குவியும் கொழுப்பை ஈரல் மூட்டை கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. இந்த மூட்டையில் இருப்பதுதான் டிரைகிளிசரைடு. இது ஏற ஏற, ரத்தக் குழாயைக் காக்கும் நல்ல கொழுப்பு குறைகிறது. கெட்ட கொழுப்போ சிறு சிறு துகள்களாக மாறி, ரத்தக் குழாயின் சுவரில் புகுந்துகொள்கிறது. மாரடைப்புக்கு அது வழி வகுக்கிறது.

"எண்ணெயே தொடுவதில்லை டாக்டர்! எனக்கு எப்படிக் கொழுப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. தேவைக்கு மேல் சாப்பிடும் சோறும் சர்க்கரையும் ஈரலுக்குள் கொழுப்பாக மாறுகின்றன. எண்ணெய் இல்லாமலே கொழுப்புத் தயார்! சாராயம் குடிப்பவருக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

புனே டாக்டரும் லண்டன் டாக்டரும்

நம் நாட்டவருக்கு இதில் தனிக் கவலை உண்டு. அதை இரண்டு டாக்டர்கள் வேடிக்கையாக விளக்கினார்கள்.

ஒருவர் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக். மற்றவர் லண்டன் டாக்டர் யுட்கின். இருவரும் சேர்ந்து படம் எடுத்து, 2004-ல் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. இருவரும் பார்வைக்கு ஒல்லி.

ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? லண்டன்காரருக்கு 100-க்கு 9.1 பங்கு. புனேக்காரருக்கு 21.2 பங்கு! ஒரே எடைக் கணக்கு. கொழுப்போ இரண்டு மடங்குக்கு மேல்.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறக்கும் குழந்தை சராசரியாகச் சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தை சுமார் 3.5 கிலோ. நம் குழந்தையிடம் சதை குறைவு. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. "மெலிந்த கொழுத்த குழந்தை" என்று யாஜ்னிக் பெயர் வைத்தார்.

ஆகையால் தராசை மட்டும் நம்பக் கூடாது. 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வும் இதையே காட்டியது. எடைக் கணக்குப்படி 100-க்குச் சுமார் 29 பேர் பருமன். இடுப்பை அளந்து பார்த்தால் 100-க்குச் சுமார் 40 பேர் தொப்பைக்காரர்கள்! நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்குச் சுமார் 14 பேர்.

டேப் எடுங்கள், அளந்து பாருங்கள்!

வயிற்றுக் கொழுப்பை அறிய ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. தையற்காரரின் டேப் போதும்.

நிமிர்ந்து நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். டேப்பை ஏமாற்றலாம், ஈரலை ஏமாற்ற முடியாது!

ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35½ அங்குலம். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31½ அங்குலம். நம் நாட்டவருக்கு இதுதான் எல்லை. இதைத் தொட்டாலே எச்சரிக்கை. வெள்ளைக்கார ஆண்களுக்கு வைத்த எல்லை இதைவிட அதிகம். நமக்குக் குறைந்த தொப்பையிலேயே தொல்லை வருவதால், எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

டேப் இல்லாத வீட்டிலும் அளவுகோல் உண்டு. அரைஞாண் கயிறு! போன பொங்கலுக்குத் தளர்வாக இருந்த கயிறு, இந்தப் பொங்கலுக்குச் சதையில் பதிகிறதா? பெல்ட் போடுபவர் ஒரு துளை தள்ளிப் போடுகிறாரா? பாவாடை நாடாவில் முடிச்சுப் போட மிச்சம் குறைகிறதா? இவையெல்லாம் உடம்பு எழுதும் கடிதங்கள்.

"என்னங்க, கயிறு இறுக்குதே!" என்று மனைவி சொன்னால், "புதுசு வாங்கிக் கட்டிக்கலாம் விடு" என்று கணவர் சொல்வது வழக்கம். கயிற்றை மாற்றினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டதாகத்தான் அர்த்தம்.

ஐந்தில் மூன்று

இடுப்பு எல்லையைத் தாண்டியவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது ரத்தச் சோதனை. டாக்டர்கள் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்.

ஒன்று: இடுப்பு அளவு. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல்.

இரண்டு: வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை வியாதியே வந்துவிட்டதாகச் சந்தேகித்து, மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள்.

மூன்று: டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல்.

நான்கு: நல்ல கொழுப்பு ஆணுக்கு 40-க்குக் கீழே, பெண்ணுக்கு 50-க்குக் கீழே.

ஐந்து: ரத்த அழுத்தம் 130-க்கு 85 அல்லது அதற்கு மேல்.

இந்த ஐந்தில் மூன்று இருந்தால் ஆபத்துக் கூட்டணி சேர்ந்துவிட்டது என்று பொருள். சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் அந்த வீட்டு வாசலில் நிற்கின்றன. 1988-ல் ரீவன் என்ற அமெரிக்க டாக்டர் இவற்றில் பலவற்றுக்கும் வேர் ஒன்றே என்று எடுத்துக் காட்டினார். இன்சுலினின் உத்தரவை உடம்பு கேட்காததுதான் அந்த வேர்.

திரும்பிப் போக வழி உண்டு

இத்தனையும் படித்துப் பயந்துவிட வேண்டாம். நல்ல செய்தியும் இருக்கிறது. வயிற்றுக் கொழுப்பு சேருவதைப் போலவே கரையவும் செய்யும். உடற்பயிற்சி செய்யும்போது, தராசில் எடை அதிகம் குறையாவிட்டாலும் உள்ளே இருக்கும் கொழுப்பு குறைவது உண்டு.

சென்னையிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரனும் அவருடைய கூட்டாளிகளும், சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான யோசனை மட்டும். இன்னொரு பகுதியினருக்குத் தினமும் நடை, அளவான சாப்பாடு, இடைவிடாத அறிவுரை. மற்றவர்களுக்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஒன்றும் செய்யாதவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. 100-க்கு 16 பேர் தப்பித்தார்கள்! இதில் அதிசயம் என்னவென்றால், நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

நடங்கள். தினமும் குறைந்தது அரை மணி நேரம், வேகமாக. பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரே தடவையில் முடியாவிட்டால் மூன்று தடவையாகப் பத்துப் பத்து நிமிஷம் நடக்கலாம். படுத்து எழும் பயிற்சியால் வயிற்றுச் சதை உறுதிப்படும். அதனால் மட்டும் தொப்பை கரையாது. முழு உடம்பும் அசைய வேண்டும்.

உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மணிக்கு ஒரு முறை எழுந்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்து போனால்கூடப் போதும்.

தட்டைக் கவனியுங்கள். சோற்றைப் பாதியாக்குங்கள். அந்த இடத்தில் கீரை, காய், பருப்பு, சுண்டல், முட்டை, மீன் வரட்டும். "சோறு வேண்டாம்" என்று ஐந்து சப்பாத்தி சாப்பிடுவதில் பலன் இல்லை. கேழ்வரகுக் களியும் அளவோடுதான்.

டீயில் ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 5 டீ. ஒவ்வொன்றிலும் 2 சிறு கரண்டி சர்க்கரை. மொத்தம் 10 கரண்டி. சுமார் 40 கிராம். ஒரு வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல்! டீயில் மட்டும் ஒருவர் இவ்வளவு சர்க்கரை தின்கிறார். பாதியாகக் குறைத்தால் நாக்கு பத்து நாள் முணுமுணுக்கும். அப்புறம் பழகிவிடும்.

ஆம்பூர் பிரியாணி? இந்தப் பக்கத்தில் பிறந்தவரிடம் அதை விடச் சொன்னால் நடக்குமா? விட வேண்டியதில்லை. விசேஷத்துக்கு ஒரு தட்டு சாப்பிடுவதால் தொப்பை விழுவதில்லை. தினமும் தேவைக்கு மேல் சாப்பிடும் சோறும், தினமும் நடக்காத கால்களும்தான் தொப்பையை வளர்க்கின்றன. தட்டு ஒன்றோடு நிற்கட்டும். வெங்காயப் பச்சடி அதிகம் இருக்கட்டும். சாப்பிட்டபின் சற்று நடை இருக்கட்டும்.

சிகரெட், பீடி, சாராயம் மூன்றும் வயிற்றுக் கொழுப்புக்குத் தோழர்கள். தூக்கக் குறைவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே.

பெண்கள் தங்களை மறந்துவிடக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அதுவரை இருந்த காப்பும் போய்விடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அம்மா, தன் ரத்தத்தை ஒரு முறைகூடச் சோதித்திருக்க மாட்டார்!

அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் காசில்லாமல் சோதிப்பார்கள். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், நடை தொடங்கிவிட்டோம் என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் இதில் பாடம் உண்டு. நோஞ்சானாக இருந்த பிள்ளையைக் கொழுகொழு என்று ஆக்க வேண்டும் என்று மிட்டாயும் பிஸ்கட்டும் திணிப்பது தவறு. வேலூர்க் கணக்கு சொல்வது அதுதான். பிள்ளைக்கு வேண்டியது சதையும் எலும்பும் வளரும் சாப்பாடு. பருப்பு, முட்டை, பால், கீரை. அதோடு மாலையில் ஓடி விளையாட இடம். கர்ப்பிணித் தாய்க்கு நல்ல சாப்பாடு கிடைத்தால், பிறக்கப் போகும் பிள்ளைக்கு அப்போதே பாதுகாப்பு ஆரம்பமாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும். வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். டேப்பைத் தேடி எடுங்கள். அப்பா முதல் பாட்டி வரை வரிசையாக அளந்து, காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

கயிறு இறுகினால் கயிற்றை மாற்றாதீர்கள், பழக்கத்தை மாற்றுங்கள்!